மகளை யார் கேட்டார்கள்?

கேள்வி: எங்களுடன் தறிக்குடோனில் வேலை பார்க்கும் அக்கா, பேருந்து நிலையத்தில் மைக்கோடு வந்த இளைஞர்களிடம் தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னார். அதில் மகளின் மணமுறிவும் வந்துவிட்டது. வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. 'மனசு லேசாயிருச்சு' என்கிறார் அக்கா. மகளோ வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அக்கா பேசியதில் தப்பில்லை. நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவரிடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'நீங்க எப்படிங்க இருக்கீங்க' என்று கேட்டால் உள்ளே கிடந்ததெல்லாம் கொட்டத்தான் செய்யும். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபமும்கூட. நாளைக்கு ஒரு சீரில் அவர் எதிரே வந்து நிற்கப்போவதில்லை. ஆனால் வீடியோ அந்தச் சீருக்கும் வந்துவிடுகிறதே!

மகளின் கோபமும் நியாயம்தான். அவளுடைய மணமுறிவைச் சொல்ல அவளிடம் யாரும் கேட்கவில்லை. முகத்தை மறைத்தால் போதும் என்பார்கள் படமெடுப்பவர்கள். நம் பக்கம் அது செல்லாது. 'எந்த ஊருங்க, எந்தத் தோட்டமுங்க' என்று இரண்டு கேள்வியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் குற்றம் சொல்வது அந்த இளைஞர்களைத்தான். அழுகை வரும்வரை திருப்பித் திருப்பிக் கேட்பது, அழும் முகத்தையே முகப்பில் வைப்பது, விளம்பரக் காசு வந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்புவது – இப்படித்தான் பலர் செய்கிறார்கள். வெளியிடும் முன் வெட்டிய வீடியோவை அக்காவிடம் காட்டியிருந்தால், 'பிள்ளை விஷயம் வேண்டாங்க' என்று அவரே சொல்லியிருப்பார். ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை பற்றி அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது, அது உண்மையாக இருந்தாலும், புகழ்ச்சியாகவே இருந்தாலும். பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. ஒரு பெண் தாயிடம் சொல்லி அழுதது எந்த ஆவணத்தில் இருக்கிறது?

சரி, இப்போது செய்ய வேண்டியது. மகள் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி அக்கா அவர்களுக்கு இன்றே எழுதட்டும். மகளின் பெயரோ படமோ அதில் இருந்தால், யூடியூபில் மகளே தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். தாமதிக்க வேண்டாம். மற்றவர்கள் துண்டு துண்டாக வெட்டித் தங்கள் பக்கங்களில் போட ஆரம்பித்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.