தோழிக்கு மலை, எனக்கு இடிபாடுகள்: பெருவில் யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் வரும் ஜூன் மாதம் மூன்று வாரம் பெருவுக்குப் போகிறோம். ஆளுக்கொரு முதுகுப்பை, சிக்கனமான செலவு, இதுதான் திட்டம். அவள் மாரத்தான் ஓடுகிறவள். குஸ்கோவில் இறங்கிய மறுநாளே சல்கந்தாய் மலைப்பாதையில் கிளம்பிவிட வேண்டும் என்கிறாள். எனக்கோ பழைய இன்கா பேரரசின் இடிபாடுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு சுவர் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் எனக்குச் சலிக்காது. இதற்காக ஃபோனில் சண்டையே வந்துவிட்டது. "நீ வந்தால் எல்லாமே மெதுவாகிவிடும்" என்று அவள் சொன்னது இன்னும் மனதில் தைக்கிறது. பேசாமல் தனித்தனியாகப் போய்விடலாமா? இல்லை, அவள் திட்டப்படியே போய், தலைவலி கிலைவலி வந்தாலும் வெளியே சொல்லாமல் சமாளித்துக்கொள்ளட்டுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியதில் சண்டை பற்றிய பகுதி என்னைப் பெரிதாகக் கவலைப்படுத்தவில்லை. கடைசி வரிதான் கவலைப்படுத்தியது. தலைவலியை வெளியே சொல்லாமல் சமாளிப்பது என்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஊரில் அது பெருந்தன்மை ஆகாது, ஆபத்து. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெருவின் தலைநகர் லிமா கடலோர நகரம். அங்கே விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், குஸ்கோவில் இறங்கிவிடுவீர்கள். குஸ்கோ இருப்பது ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். அந்த அவகாசம் தராமல் மேலே மேலே ஏறினால் வருவதுதான் உயர நோய். பெரும்பாலும் போய்ச் சேர்ந்த முதல் நாளுக்குள்ளேயே தெரிந்துவிடும்: தலைவலி, குமட்டல், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, அசதி, ராத்திரி தூக்கம் வராமை. மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பலருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

சரியாகாமல், அதே தலைவலியோடு இன்னும் மேலே ஏறினால் மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். இரண்டிலுமே உயிர் போகும். நேர்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழம்புவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவருக்குத் தன் நிலை தனக்கே புரியாமல் போகலாம். கூட வந்தவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் தலைவலியை மறைத்தால், உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளின் கண்ணைக் கட்டிவிடுகிறீர்கள்.

இன்னொன்று, இது உங்கள் தோழிக்கும் அப்படியே பொருந்தும். மாரத்தான் ஓடும் உடம்பு என்பதால் உயர நோய் விட்டுவிடாது. காலும் இதயமும் பயிற்சியில் தேறியிருப்பது வேறு, குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழகுவது வேறு. நன்றாக ஓடுகிறவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் சிக்கல் சீக்கிரம் வருகிறது என்றுகூடச் சொல்லலாம். அவள் திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து வந்த முதல் ராத்திரி 3,400 மீட்டரில். சல்கந்தாயில் வழக்கமாக முதல் முகாம் போடும் சொராய்பம்பா ஏறக்குறைய 3,900 மீட்டர். அதற்கு மறுநாள் தாண்ட வேண்டிய கணவாய் 4,600 மீட்டருக்கும் மேல். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்குங்கள் என்பதுதான் மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. முதல் ராத்திரியே 3,400 மீட்டர் என்றால் அதற்கு மேல் போவதற்கு முன் இன்னும் நிதானம் வேண்டும். இந்தத் திட்டத்தில் நிதானத்துக்கு இடமே இல்லை.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் கேட்பது எதிரெதிரான இரண்டு பயணங்கள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வரிசையைத் திருப்பிப் போடுங்கள், முடிச்சு பாதி அவிழ்ந்துவிடும். அவளுடைய மலைக்கு முன்னால் நிதானமான ஒரு வாரம் தேவை. உங்களுடைய இடிபாடுகளுக்கும் நிதானமான ஒரு வாரம் தேவை. இரண்டும் ஒரே வாரம்தான்! அந்த நாட்களில் அவள் உங்களுக்காகப் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை, தன் மலைக்குத் தயாராகப் போகிறாள். இதை இப்படியே அவளிடம் சொல்லுங்கள்.

எப்படி என்றால், குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காதீர்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரச் சாலைப் பயணத்தில் உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒல்லாந்தாய்தாம்போவுக்குப் போய்விடுங்கள். அது 2,800 மீட்டர்தான். முதல் இரண்டு ராத்திரிக்கு அந்த 600 மீட்டர் வித்தியாசம் பெரிய உபகாரம்.

உங்களுக்கு அந்த ஊர் பிடித்துப்போகும் என்று உறுதியாகச் சொல்கிறேன். இன்கா காலத்துத் தெரு அமைப்பிலேயே மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். சந்துகளின் ஓரத்தில் வாய்க்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ராத்திரி அறைக்குள் படுத்திருந்தாலும் சத்தம் கேட்கும். ஊருக்கு மேலே படிக்கட்டு வயல்கள் அடுக்கடுக்காக ஏறிப் போய், உச்சியில் ஆறு பிரம்மாண்டமான கற்கள் வரிசையாக நிற்கின்றன. மெல்லிய சிவப்பு நிறம். பெரிய கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் நடுவில் ஒடுக்கமான கல் பட்டை ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். சுண்ணாம்போ சாந்தோ கிடையாது. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் அந்தப் பட்டை எங்கே முடிகிறது, பெரிய கல் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். அந்தக் கல்லை வெட்டியது ஆற்றுக்கு அக்கரையில், எதிர் மலைச்சரிவில் இருக்கும் கச்சிகாத்தா என்ற இடத்தில். அங்கிருந்து கீழே இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார்கள். கொண்டுவந்த வழியில் கைவிடப்பட்ட கற்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. களைத்துப்போன கற்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் என்ன, ஒரு காலைப் பொழுது முழுக்க அங்கே நில்லுங்கள்.

அந்த நேரத்தில் உங்கள் தோழி என்ன செய்வாள்? அதே ஊரிலிருந்து பூமமார்க்கா என்ற இன்கா இடிபாட்டுக்கு ஒரு பாதை ஏறுகிறது. சில மணி நேர ஏற்றம், போய்ச் சேரும்போது குஸ்கோவின் உயரத்துக்கு வந்துவிடலாம். இரண்டு மூன்று நாள் தங்கிய பிறகு அவள் அங்கே ஏறிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கீழே வந்து தூங்கட்டும். பகலில் உயரே போய் ராத்திரி தாழ்வாகத் தூங்குவது உடம்பைப் பழக்க நல்ல வழி. நடந்த திருப்தியும் அவளுக்குக் கிடைக்கும். தலைவலி இல்லையென்றால் நீங்களும் கூடப் போகலாம், போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்புறம் குஸ்கோவுக்கு வந்து இரண்டு மூன்று நாள் தங்குங்கள். ஊருக்கு மேலேயே சக்சய்வமான் என்ற இன்கா இடிபாடு இருக்கிறது, நடந்தே போகலாம். அங்கே இருக்கும் சில கற்களின் எடை 100 டன்னுக்கு மேல். ஜூன் 24 அன்று சூரியனுக்கான இந்தி ராய்மி விழாவின் முக்கியப் பகுதியும் அங்கேதான் நடக்கும், அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்துவிடுங்கள். ஒல்லாந்தாய்தாம்போ, பிசாக், சக்சய்வமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா நுழைவுச்சீட்டு உண்டு. முழுச் சீட்டு 10 நாள் செல்லும், உங்கள் ஒரு வாரத்துக்குத் தாராளமாகப் போதும்.

இப்படி ஒரு வாரம் கழிந்து, இருவருக்கும் தலைவலி இல்லை, பசிக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் மலைக்குக் கிளம்புங்கள். எந்தப் பாதை? மச்சு பிச்சு என்ற இன்கா நகரத்துக்குப் போகும் புகழ்பெற்ற இன்கா பாதைக்கு அனுமதிச்சீட்டு கட்டாயம், உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். சுமை தூக்குவோர், வழிகாட்டிகள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. ஜூன் மாதச் சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும், அதனால் அதை மறந்துவிடலாம். சல்கந்தாய்க்கு அந்தக் கெடுபிடி இல்லை. அவளுக்குப் பனிமலை பார்க்க வேண்டும் என்றால் இப்போது தாராளமாகப் போகலாம்.

ஆனால் உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பாதை தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சோக்கெகிராவைத்தான் சொல்வேன். அதுவும் இன்கா நகரம்தான், ஏறக்குறைய 3,000 மீட்டரில் ஒரு மலைமுகட்டில் இருக்கிறது. நடந்தோ கோவேறு கழுதையிலோதான் போக முடியும், அதனால் மச்சு பிச்சு போல அங்கே கூட்டம் இருக்காது. பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. படிக்கட்டு வயல்களின் சுவரில் வெள்ளைக் கற்களைப் பதித்து, லாமா என்ற ஒட்டக இன விலங்கின் உருவங்களைச் செய்திருக்கிறார்கள், அதைப் பார்க்கவே போகலாம். உயரம் அதிகமில்லை என்பதால் உயர நோய்ப் பயம் குறைவு. ஆனால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அபுரிமாக் ஆறு ஓடும் பள்ளத்தின் அடிவரை ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக இறங்கி, மறுகரையில் அதே அளவு ஏற வேண்டும். திரும்பும்போது மறுபடியும் அதே இறக்கம், அதே ஏற்றம். ஆற்றோரம் வெயில் கொளுத்தும், கடிக்கும் சிறு பூச்சிகள் மொய்க்கும். இறக்கத்தில் முழங்கால் போய்விடும், இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வேண்டும். ஐந்து நாள் ஒதுக்குங்கள், ஒரு முழு நாள் இடிபாடுகளில் இருக்கட்டும். சுமைக்குக் கழுதை வைத்துக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை.

நடக்கும்போது நீங்கள் முன்னால், அவள் பின்னால். வேகமானவர் முன்னால் போனால் மெதுவானவர் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பார், எட்டிப் பிடிக்கும்போது முன்னவர் ஓய்வு முடிந்து எழுந்துவிடுவார். முழு வாக்கியம் பேச மூச்சு இருக்கிற வேகம்தான் சரியான வேகம். கிளம்பும் முன் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: இருவரில் யார் "கீழே போகலாம்" என்று சொன்னாலும் அன்றைக்கு வாதம் கிடையாது, இறங்கிவிட வேண்டும். தினமும் காலையும் ராத்திரியும் தலைவலி இருக்கிறதா, சாப்பிட முடிகிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உயர நோயைத் தடுக்க உதவும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், எப்படியும் அவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கோக்கா இலைத் தேநீர் எங்கு போனாலும் கொடுப்பார்கள், குடிக்கலாம், ஆனால் ஓய்வுக்கு அது மாற்று ஆகாது. இலையை ஊருக்குக் கொண்டுவராதீர்கள், பல நாடுகளில் சட்டவிரோதம். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை மலைநடைக்குப் பாதுகாப்பு உண்டு, மீட்புச் செலவு அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள். பணத்தில் சாப்பாடு, அறை, வண்டிக்கு மட்டும் பொதுப் பை வைத்து, மற்றது அவரவர் செலவு என்றால் நச்சரிப்பு குறையும். மலையடிவாரக் கிராமங்களுக்குப் போகுமுன் பெருவின் பணமான சோலில் சில்லறை நோட்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் அவள் மறுநாளே கிளம்புவேன் என்று நின்றால், நீங்கள் கூடப் போகாதீர்கள். நட்பை முறிக்கச் சொல்லவில்லை, அவளுடைய மலைநடை நாட்களை மட்டும் பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். அவள் வழிகாட்டியோடு செல்லும் ஒரு குழுவில் சேர்ந்து போகட்டும், வழிகாட்டியாவது திருப்பி அனுப்புவார். நீங்கள் பள்ளத்தாக்கில் உங்கள் கற்களைப் பாருங்கள், மச்சு பிச்சு அடிவாரத்து அக்வாஸ் கலியென்டஸில் சந்தியுங்கள். "நீ வந்தால் மெதுவாகிவிடும்" என்றது வலித்தது என்பதையும் அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், பயணத்துக்கு முன்பே. 3,000 மீட்டரில் பசியோடும் களைப்போடும் அந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது.

மச்சு பிச்சுவிலும் நீங்கள் ஒட்டிக்கொண்டே சுற்ற வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டில் நேரமும் சுற்றுப்பாதையும் குறித்திருக்கும். பின்னால் நிற்கும் செங்குத்தான வய்னா பிச்சு சிகரத்தில் ஏறத் தனிச்சீட்டு, எண்ணிக்கை குறைவு. அதை அவளுக்கு வாங்குங்கள், உங்களுக்கு நகரத்தைச் சுற்றும் பாதைச் சீட்டு. இரண்டையும் இந்த வாரமே வாங்கப் பாருங்கள், பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும், வாசலில் அசலைக் கேட்பார்கள்.