பியோர்க்கின் ‘டெபியூ’: சீட்டில் வந்த கேள்விகளும் பதில்களும்

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், ‘சுகர்க்யூப்ஸ்’ என்ற தன் பேண்ட் கலைந்த கையோடு 1993 ஜூலையில் வெளியிட்ட ஆல்பம் ‘டெபியூ’, அதாவது ‘அறிமுகம்’. போன ஞாயிறு மதுரை தல்லாகுளத்தில் கூடி 11 பாட்டையும் கேட்டோம். பேசலாம் என்று உட்காரும்போது மழை பிடித்துக்கொண்டது. அதனால் நீங்கள் சீட்டில் எழுதித் தந்ததற்கு இங்கே பதில். டவுன்ஹால் ரோட்டில் கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அண்ணே, பதினோரு வயதிலேயே ஆல்பம் பாடியவர் என்கிறார்களே. அப்புறம் எதற்கு இதற்கு ‘டெபியூ’ என்று பெயர்? (கல்லூரி மாணவர், அவனியாபுரம்)

1977இல் சிறுமியாகப் பாடிய ஆல்பம் ஒன்று உண்டு. 1990இல் ஜாஸ் குழுவோடு ஒன்று. இரண்டிலும் பெரும்பாலும் அடுத்தவர் மெட்டு. தன் மெட்டைத் தன் இஷ்டத்துக்குப் பாடி உலகத்துக்குத் தந்தது இதில்தான். பெயர் சரிதான்.

நல்லா ஓடிக்கொண்டிருந்த பேண்டை விட்டு ஏன் வந்தார்? சண்டையா? (திருநகர்)

சண்டைக் கதை தேடினால் ஏமாந்துபோவீர்கள். சுகர்க்யூப்ஸ் 1986இல் ரெய்க்யவிக்கில் பங்க் இசைக்காரர்களும் கவிஞர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. ‘பர்த்டே’ பாட்டு 1987இல் பிரிட்டனில் அவர்களைத் தூக்கிவிட்டது. ஆனால் அது கிட்டாரும் டிரம்ஸும் முட்டி மோதும் பேண்ட். கூடவே ஐனார் என்ற இன்னொரு பாடகர், பாடுவதைவிடக் கத்துவதில் கெட்டிக்காரர். பியோர்க்கிடம் அதற்குள் அடங்காத மெட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஹியூமன் பிஹேவியர்’ அந்தக் காலத்திலேயே பிறந்தது. 1992இல் பேண்ட் கலைந்தது, அவர் லண்டன் போனார். அங்கே சோல் டூ சோல், மாசிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுக்களோடு வேலை செய்த நெல்லீ ஹூப்பர் தயாரிப்பாளராக அமைந்தார். ஒரே பேண்ட் எல்லாப் பாட்டுக்கும் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் அத்தோடு போயிற்று. ஒரு பாட்டுக்கு ஹார்ப் (மேற்கத்திய யாழ்), ஒன்றுக்கு தபலா, ஒன்றுக்கு டான்ஸ் கிளப் தாளம். இத்தனையையும் எது சேர்த்துக் கட்டுகிறது என்று கேட்டால், அந்தக் குரல் ஒன்றுதான்.

தம்பி, ‘வீனஸ் அஸ் எ பாய்’ பாட்டில் வயலின் நம் சினிமா மாதிரி இருக்கிறதே, எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா? (வயலின் டீச்சர், எஸ்.எஸ். காலனி)

இல்லை டீச்சர், உங்கள் காது சரியாகப் பிடித்துவிட்டது. அது சினிமா வயலினேதான். லண்டனில் வளர்ந்த தபலாக்காரர் தல்வின் சிங் அந்தப் பகுதியை அமைத்து, பம்பாய்த் திரைப்பட வாத்தியக் குழுவை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். மேற்கத்திய வழக்கப்படி என்றால் ஆளுக்கொரு சுரத்தைப் பிரித்துக் கொடுத்து அடுக்கியிருப்பார்கள். இங்கே எல்லா வில்லும் ஒரே வரியைச் சேர்ந்து இழுக்கிறது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிறது. பாட்டுக்குப் பின்னால் தபலா எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்றும் கவனியுங்கள். கிழக்கத்திய வாசனைக்காகச் சித்தாரை நாலு தட்டு தட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துச் சலித்த எனக்கு இது பெரிய ஆறுதல். ‘கம் டு மீ’ பாட்டிலும் அதே கைவண்ணம் உண்டு, அதையும் போட்டுப் பாருங்கள்.

‘வீனஸ் அஸ் எ பாய்’ வீடியோவில் பியோர்க் முட்டை பொரித்துக்கொண்டே இருப்பார். ஏன் என்று யாரும் கேட்காதீர்கள்.

ஒரு பாட்டைக் கழிப்பறையில் பதிவு செய்தார்களாமே, நிஜமா அண்ணே? (மைக் செட் போடுகிறவர், மேலூர்)

நிஜம். ‘தேர்ஸ் மோர் டு லைஃப் தேன் திஸ்’. லண்டனில் மில்க் பார் என்ற கிளப்பின் கழிப்பறை. தொழில்காரர் நீங்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாட்டு ஆரம்பத்தில் கிளப் முழுக்க உங்கள் காதில் இருக்கும், ஆள் சத்தத்தோடு. பாதியில் ஒரு கதவு சாத்துகிறது. அந்த நொடியில் தாளத்தின் மேல் சத்தமெல்லாம் அறுந்து, அடித்தொண்டை ‘தும் தும்’ மட்டும் மிச்சம். திருவிழா ஸ்பீக்கரை ஜன்னல் சாத்திய வீட்டுக்குள்ளிருந்து கேட்டால் எப்படியிருக்கும், அதுதான். பேஸ் சுவரைத் தாண்டும், ட்ரெபிள் தாண்டாது. பியோர்க்கின் குரல் மட்டும் பக்கத்திலேயே, கிசுகிசுப்பாக, ஊரைவிட்டு ஓடிப்போகலாம் வா என்கிற தொனியில். அப்புறம் கதவு திறக்கிறது, கிளப் திரும்பவும் மேலே விழுகிறது. ஸ்டுடியோவிலேயே ஃபில்டரைத் திருகி இதைச் செய்துவிடலாம்தான். ஆனால் அந்த அறையின் டைல்ஸ் சுவர் எதிரொலி கிடைக்காது. மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் இதில் பாதி தெரியாது, ஹெட்போன் போடுங்கள்.

அவருக்குச் சுதி விலகுகிறதா, இல்லை எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? (உசிலம்பட்டி)

சுதி நிற்கிறது. விலகுவது உச்சரிப்பும் மூச்சும். ‘ர’ வந்தால் உருட்டுவார், வரி முடியுமுன் மூச்சை இழுப்பார், அந்த இழுப்பையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். உருக்கம் வந்தால் இலக்கணத்தைத் தள்ளிவைக்கும் மதுரை சோமுவைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது புதுசா என்ன?

கடைசிப் பாட்டு ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது? (வில்லாபுரம்)

‘தி ஆங்கர் சாங்’. தாளமே கிடையாது. சாக்ஸபோன்கள், ஒரு குரல், அவ்வளவுதான். வாசித்தவர்களில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிவர் லேக்கும் ஒருவர். குரல் ஒரு வரி சொல்லும், சாக்ஸபோன் பதில் சொல்லும். கடலோரத்தில் குடியிருக்கும் ஒருத்தி ராத்திரி அடியில் மூழ்கி, அங்கேயே நங்கூரம் போட்டு, இதுதான் என் வீடு என்கிறாள். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பாட்டை இவ்வளவு பிடித்துவைத்திருக்கிறேன். மற்றப் பாட்டுகளுக்கு ஹூப்பர் பொறுப்பு, இது பியோர்க்கே தயாரித்தது. என்னைக் கேட்டால் ஆல்பத்தில் இதுதான் முதல் இடம்.

என்னிடம் இருப்பதில் 12 பாட்டு இருக்கிறதே? (புதூர்)

அது பிறகு வந்த பதிப்பு. ‘ப்ளே டெட்’ ஒரு படத்துக்காகப் பாடியது, பின்னால் சேர்த்தார்கள். நல்ல பாட்டு. ஆனால் ‘ஆங்கர் சாங்’ முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அம்மாவுக்கு இந்தக் குரலே ஆகவில்லை. எதைப் போட்டால் சமாதானமாவார்? (செல்லூர்)

‘லைக் சம்ஒன் இன் லவ்’. பழைய பாட்டு, கூட ஒரு ஹார்ப் மட்டும். அதுவும் எடுபடவில்லை என்றால், அம்மா கேட்கும் பாட்டை நீங்கள் கேளுங்கள்.

1997இல் வந்த ‘ஹோமோஜெனிக்’ இதைவிடப் பெரிய ஆல்பம் என்று அடித்துச் சொல்கிறேன். மறுக்க முடியுமா? (ஆரப்பாளையம்)

மறுக்கமாட்டேன். அது இன்னும் கட்டுக்கோப்பானது. ‘டெபியூ’வில் ‘ஒன் டே’ கொஞ்சம் இழுவை, ‘வயலன்ட்லி ஹாப்பி’க்கு வயசாகிவிட்டது. ஆனால் ‘ஹோமோஜெனிக்’ போட்டால் நம் கூட்டத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். ‘டெபியூ’ போட்டதால்தான் இத்தனை சீட்டு வந்தது.