கார்பன் மட்கார்டில் வெள்ளைப் பொடி பூத்தால்

"பைக்கில் கார்பன் ஃபைபர் பின் மட்கார்டு மாட்டி ஒரு வருடம் ஆகிறது. அலுமினிய ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது. ஒரு ரிவெட் ஆடுகிறது. மாட்டியவர் கோட்டிங் அடித்தால் சரியாகும் என்கிறார். நம்பலாமா?" - திருமங்கலம் வாசகர்

நம்பாதீர்கள். முதலில் ரிவெட்டைக் கவனியுங்கள். மட்கார்டு கழன்றால் நேராகப் பின் டயரில்தான் சிக்கும்.

அந்தப் பொடி அலுமினியம் அரித்த மிச்சம். கார்பன் ஃபைபர் பார்க்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் மின்சாரம் கடத்தும். அதை அலுமினியம் தொட்டு, இடையில் உப்புத் தண்ணீரும் நின்றால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடும். அதில் கரைவது அலுமினியம்தான். கார்பன் தகடு பெரிதாகவும் ரிவெட் சின்னதாகவும் இருந்தால் அரிப்பு இன்னும் வேகம். மதுரைப் பக்கம் கடல் இல்லையே என்காதீர்கள். வாட்டர் வாஷில் அடிக்கிற உப்பான போர் தண்ணீர் போதும்.

கோட்டிங் பேச்சு எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொடிக்கு மேலேயே அடித்தால் உள்ளே தின்பது கண்ணுக்குத் தெரியாது. அலுமினியத்துக்கு மட்டும் அடித்து அதில் ஒரு கீறல் விழுந்தால், அரிப்பு மொத்தமும் அங்கேயே குவிந்து குழி பறிக்கும். பில்லும் தரமாட்டார்கள். வண்டி கம்பெனியோ வெளிச் சாமான் என்று கையை விரிக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். வாங்கியவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், நைலான் வாஷரோடு போடச் சொல்லுங்கள். ஜிங்க் முலாம் போல்ட்டை எஸ்.எஸ். என்று தலையில் கட்டுவார்கள். காந்தம் பலமாக இழுத்தால் வாங்காதீர்கள். கார்பன் தகடு, அதைத் தாங்கும் பிராக்கெட்டில் உட்காரும் இடத்தில் கிளாஸ் ஃபைபர் துணியை எபாக்ஸி பசை வைத்து ஒட்டுங்கள். துளைகளின் உள் ஓரத்திலும் எபாக்ஸி பூச வேண்டும். நார் வெளியே தெரிவது அங்கேதான். போயிங் 787 விமானத்தில், கார்பனைத் தொட்டாலும் எளிதில் அரிக்காத டைட்டானியத்தை அவ்வளவு பயன்படுத்தியதற்கு இந்த அரிப்பும் ஒரு காரணம்.

ஒன்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். உங்கள் மட்கார்டு நிஜக் கார்பன்தானா? பிளாஸ்டிக்கின் மேல் கார்பன் டிசைன் ஒட்டியும் விற்கிறார்கள். உள்பக்க ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு நார் தெரிந்ததும் மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் வைத்துப் பாருங்கள். மின்சாரம் கடந்தால் கார்பன். கடக்கவில்லை, நாரும் இல்லை என்றால் மேலே சொன்ன தடுப்பு வேலை எதுவும் வேண்டாம். அப்போது ரிவெட்டின் நடுவே தங்கியிருக்கும் இரும்பு ஆணித்துண்டைச் சந்தேகப்படுங்கள். பழுப்புக் கறை காட்டிக்கொடுக்கும். அதற்கு ரிவெட்டை மாற்றினாலே போதும்.

கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பிராக்கெட்டில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.