மாற்றுச் சிறுநீரகம்: பயாப்சி, டாக்ரோ லெவல், ஆய்வுக்கு அழைப்பு

சென்னையில் சிறுநீரக மருத்துவ ஆய்வுகளை ஒருங்கிணைப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை. மாத்திரை அளவை மாற்றுவது உங்கள் நெஃப்ராலஜிஸ்ட் மட்டும்தான். இந்த வாரம் வந்த கேள்விகள்:

பெரம்பூர்: அக்கா, அம்மா கொடுத்த கிட்னி வச்சு நாலு மாசம் ஆகுது. கிரியாட்டினின் 1.1ல இருந்து 1.6 ஆயிடுச்சு. வலி, காய்ச்சல் எதுவும் இல்ல. பயாப்சி எடுக்கணுமாம். அவசியமா?

அவசியம் தம்பி. கிரியாட்டினின் ஏறினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். நிராகரிப்பு, அதாவது உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியமாக நினைத்துத் தாக்குவது, பல நேரம் வலியே இல்லாமல் வரும். ஆனால் எண் ஏறியதெல்லாம் நிராகரிப்பும் அல்ல. உடம்பில் நீர் குறைந்திருக்கலாம். நிராகரிப்பைத் தடுக்க நீங்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் (டாக்ரோ) மாத்திரை ரத்தத்தில் அதிகமாகி சிறுநீரக ரத்தக் குழாய்களை இறுக்கியிருக்கலாம். உடம்பில் அடங்கிக் கிடக்கும் பிகே வைரஸ் என்ற கிருமி தலைதூக்கியிருக்கலாம். நிராகரிப்பு என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டுவார்கள். பிகே வைரஸ் என்றால் அதே மருந்தைக் குறைப்பார்கள். இரண்டும் நேர் எதிர், அதனால்தான் ஊகத்தில் வைத்தியம் பார்க்க முடியாது. புதுச் சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; ஸ்கேனில் பார்த்தபடி, மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் சோதனைக்குச் சிறு துணுக்கு எடுப்பார்கள். அதுதான் பயாப்சி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அம்மா கொடுத்ததைக் காப்பாற்றத்தான் இந்த ஊசி.

தாம்பரம்: காலையில மாத்திரை போட்டுட்டு ரத்தம் கொடுத்தேன். டாக்ரோ லெவல் அதிகம்னு வந்திருக்கு. ஒரு வேளை விட்டுடட்டுமா?

விடாதீர்கள். இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுத்த ரத்தம்தான் கணக்கு. நடந்ததை டாக்டரிடம் சொல்லி மறுபடி எடுங்கள். அன்றைக்கு ரத்தம் கொடுக்கும் வரை காலை மாத்திரை பையில் இருக்கட்டும்; கொடுத்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர்: மாற்று கிட்னி வச்ச வீட்டுக்காரரை ஒரு ஆய்வுல சேரச் சொல்றாங்க. அவரை வச்சு சோதனை பண்றாங்களோன்னு பயமா இருக்கும்மா.

பயம் நியாயம்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவர் இன்று சாப்பிடும் மருந்தின் அளவும், முன்பு ஆய்வுகளில் சேர்ந்த நோயாளிகளால் தெரிய வந்ததுதான். 2007-ல் வெளியான சிம்ஃபனி ஆய்வில் 1645 பேர் சேர்ந்தார்கள். குறைந்த அளவு டாக்ரோலிமஸ் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது, நிராகரிப்பும் குறைவு. ஆனால் அதற்காக நீங்கள் சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். இப்போதைய மருந்தை நிறுத்துவார்களா? கூடுதலாக எத்தனை தடவை வர வேண்டும்? சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? நேராகக் கேளுங்கள். புது மருந்து ஆய்வில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மத்திய அரசின் 2019 மருந்து ஆய்வு விதிகளில் இருக்கின்றன. நடுவில் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. 'இப்பவே கையெழுத்துப் போடுங்க' என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள்.

மயிலாப்பூர்: மாமாவுக்கு சுகர் கிட்னி. டாபாக்ளிஃப்ளோசின் எழுதிக் கொடுத்திருக்காங்க, நல்லாருக்கார். மாற்று கிட்னி வச்ச நானும் போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரைக்கும் சிறுநீரக நோய்க்கும் தரும் மாத்திரை. 2020-ல் வந்த டாபா-சிகேடி ஆய்வில் 4304 பேர். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பலன் தெரிந்தது. ஆனால் உறுப்பு மாற்று செய்தவர்களை அதில் சேர்க்கவில்லை. மாமாவுக்குக் கிடைத்த விடை உங்களுக்கானது அல்ல.

ராயபுரம்: சளிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கலாமா?

கேட்காமல் வேண்டாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ரத்தத்தில் டாக்ரோ அளவை ஏற்றிவிடும். டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். பம்ப்ளிமாஸ் பழமும் வேண்டாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.