ஃபோர்மேனா, டைசனா? நடக்காத ஆட்டம் பற்றி கடலூர், புதுச்சேரி ரசிகர்கள் கேட்டவை

இது கற்பனைக் குத்துச்சண்டை, ஆட்டத்தின் நிபந்தனை முதலில். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேசியரைச் சாய்த்த ஜார்ஜ் ஃபோர்மேன் ஒரு பக்கம். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்த மைக் டைசன் மறுபக்கம். 12 ரவுண்டு, 20 அடி ரிங், 10 அவுன்ஸ் கிளவுஸ்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: சுத்தி வளைக்காம சொல்லுங்கண்ணே. யார் ஜெயிப்பா, எத்தனாவது ரவுண்டுல?

ஃபோர்மேன். நாலாவது ரவுண்டுக்குள் நாக் அவுட். பத்து முறை மோதவிட்டால் ஆறு அவருக்கு, நாலு டைசனுக்கு என்பது என் கணக்கு. டைசனின் நாலில் இரண்டு முதல் ரவுண்டிலேயே வரும், மற்ற இரண்டு ஆறாவது ரவுண்டைத் தாண்டி வரும். இடையில் இருக்கும் ரவுண்டுகள் ஃபோர்மேனுடையவை. ஆறுக்கு நாலு என்பது பந்தயம் கட்டுகிற அளவுக்குப் பெரிய வித்தியாசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: ஃபிரேசியரை ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை கீழ தள்ளினாரு, அதனால டைசனுக்கும் அதே கதிதான்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா சார்?

இல்லை. இருவரும் குள்ளம், இருவரும் குனிந்து உள்ளே வருவார்கள். ஒற்றுமை அதோடு சரி. ஃபிரேசியர் சூடேற இரண்டு மூன்று ரவுண்டு எடுப்பார், டைசன் மணி அடித்ததுமே உச்சத்தில் இருப்பார். ஃபிரேசியருக்கு ஆயுதம் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) ஒன்றுதான், டைசனுக்கு இரண்டு கையும் பேசும். கைவேகத்திலும் டைசன் ஒரு படி மேல்.

ஆனால் ஃபிரேசியர் எப்படி விழுந்தார் என்று பாருங்கள். அவர் தன் இடப்பக்கம் சாய்ந்து, அங்கிருந்து எழும்போது ஹூக் போடுவார். அந்த இடம் எதிராளியின் வலது கை நேராக வந்து சேரும் இடம். ஃபோர்மேன் இரண்டு கையையும் நீட்டி அவர் தோளைத் தள்ளுவார். தள்ளியதில் ஃபிரேசியரின் இரண்டு பாதமும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும், இடுப்புச் சுழற்சி செத்துப்போகும். அந்த நொடியில் கீழிருந்து தாடைக்கு எழும் குத்தான வலது அப்பர்கட்.

டைசன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டுவார், அதனால் எந்தப் பக்கம் எழுவார் என்று ஊகிப்பது கடினம். இதுதான் அவருக்கு நான் கொடுக்கும் நாலு. ஆனாலும் அவருடைய ரீச் (விரித்த கைகளின் நீளம்) 71 அங்குலம், ஃபிரேசியரைவிட இரண்டு அங்குலம் குறைவு. ஃபோர்மேனுக்கோ 78-க்கு மேல். டைசன் அடிக்கும் தூரத்துக்கு வருவதற்கு முன் ஃபோர்மேனின் கை அவர் தோளில் இருக்கும். ஃபோர்மேனைத் தோற்கடித்த முகமது அலியும் ஜிம்மி யங்கும் அவரைத் தேட வைத்தார்கள். டைசனைத் தேட வேண்டியதில்லை, அவரே வந்து நிற்பார்.

முத்தியால்பேட்டையிலிருந்து: ஃபோர்மேன் உருவத்துல பெரிய ஆளு, எடையிலயே பாதி ஆட்டம் முடிஞ்சிடாதா?

எடை ஏறக்குறைய ஒன்றுதான். கிங்ஸ்டனில் ஃபோர்மேன் 217½ பவுண்டு, ஸ்பிங்க்ஸுக்கு எதிராக டைசன் 218¼. இருவருமே சுமார் 99 கிலோ. வித்தியாசம் உயரத்தில்: 6 அடி 3 அங்குலத்துக்கு எதிராக 5 அடி 10. கட்டிப்பிடித்து அழுத்தினால் டைசன் நசுங்கிவிட மாட்டார்.

வில்லியனூரிலிருந்து: யாரு குத்து கனம்?

தனிக் குத்தாக ஃபோர்மேன். ஆனால் ஆளைச் சாய்ப்பது கனம் மட்டுமல்ல, கண்ணில் படாமல் வரும் குத்துதான் அதிகம் சாய்க்கும். அதில் டைசன். கனமான குத்துக்குப் பேர்போன ஏர்னி ஷேவர்ஸைச் சேர்க்காதது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கனத்தில் குறையில்லை, மூச்சு தாங்காது. 1979-இல் லாரி ஹோம்ஸை ஏழாவது ரவுண்டில் கீழே போட்டும் பதினோராவதில் தோற்றார்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ஃபோர்மேன் தாடை தாங்குமா அண்ணே? ரான் லைல் அவரை உருட்டினாரே?

1976 ஜனவரி, நாலாவது ரவுண்டில் இரண்டு முறை விழுந்தார். விழுந்தவர் எழுந்து அஞ்சாவது ரவுண்டில் லைலை முடித்தார். இதிலிருந்து எடுக்க வேண்டியது இரண்டு விஷயம். அவர் அகலமாக வீசுவதால் இரண்டு குத்துக்கு நடுவே தாடை திறந்து கிடக்கும், டைசனின் குறுகிய ஹூக் அங்கே நுழையும். இரண்டாவது, விழுந்தாலும் எழுவார். 81 ஆட்டத்தில் ரெஃபரி பத்து எண்ணி முடித்தது 1974-இல் கின்ஷாசாவில், அலியிடம், ஒரு தடவைதான். டைசன் ஒரு குத்தை நம்பக்கூடாது, நாலைந்தாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து: தள்ளுறது ஃபவுல் இல்லையா? ரெஃபரி என்ன பண்ணுவாரு?

ஃபவுல்தான். என் கணிப்பின் பலவீனமான இடமும் இதுதான். கண்டிப்பான ரெஃபரி முதல் ரவுண்டிலேயே எச்சரித்து, அடுத்து பாயிண்ட் கழித்தால் ஆறு–நாலு என்பது அஞ்சு–அஞ்சு ஆகிவிடும். அதே கண்டிப்பு கிளிஞ்சிலும் (கட்டிப்பிடிப்பதிலும்) வேண்டும். 1987-இல் போன்கிரஷர் ஸ்மித் 12 ரவுண்டும் டைசனைக் கட்டிக்கொண்டே ஓட்டினார். பிடிபட்டதும் ரெஃபரி பிரிக்கட்டும் என்று நின்றுவிடுவது டைசனின் பழக்கம். ஃபோர்மேன் நிற்க மாட்டார், பிடியிலிருந்து தள்ளி விலக்கி அடிப்பார்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: சார், எம் பொண்ணு பாக்ஸிங் பழகுறா, அவ எடையில அவதான் குள்ளம். டைசன் மாதிரி உள்ள போறது எப்படின்னு கேக்குறா.

முதலில் கயிறு, அம்மா. இரண்டு கம்பத்துக்கு நடுவே அவள் தோள் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். கயிற்றுக்கு அடியில் இடம் வலமாகத் தலையை மாற்றி மாற்றி, பாதி அடி வீதம் முன்னேற வேண்டும். 3 நிமிடம் பயிற்சி, 1 நிமிடம் ஓய்வு, மூன்று தடவை. அது கைவந்ததும் உள்ளங்கையளவு துணிப்பையில் மணல் நிரப்பி மூக்கு உயரத்தில் தொங்கவிட்டு ஆட்டி விடுங்கள். பை வரும்போது இரண்டு அங்குலம் விலகினால் போதும், ஒரு அடி விலகினால் திருப்பி அடிக்க முடியாது.

எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில்: முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைப்பார்கள், கண் தரைக்குப் போகும், அப்பர்கட் வருவதே தெரியாது. பார்வை எதிராளியின் நெஞ்சில் இருக்கட்டும். தலை முன்கால் முட்டியைத் தாண்டக்கூடாது, கிளவுஸ் கன்னத்தை விட்டு இறங்கக்கூடாது. இன்னொன்று, அமெச்சூர் போட்டியில் எதிராளியின் பெல்ட்டுக்குக் கீழே தலையைக் கொண்டுபோனால் ரெஃபரி எச்சரிப்பார். டைசனை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம்.

உப்பளத்திலிருந்து: இதே ஆட்டம் எங்க ஊரு மைதானத்துல, கத்திரி நேரத்துல ராத்திரி நடந்தா? ஃபோர்மேன் கின்ஷாசா மாதிரி களைச்சிடுவாருல்ல?

நல்ல கேள்வி. நம் கடற்கரையில் மே மாத இரவு வெப்பத்தைவிடப் புழுக்கம்தான் எதிரி. வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது, ஒரு நிமிட ஓய்வில் மூச்சு திரும்பாது. கின்ஷாசாவில் அதிகாலை 4 மணிக்கு ஆட்டம் வைத்தும் அஞ்சு ரவுண்டு வீசியதில் ஃபோர்மேன் கை கனத்துப்போனது, எட்டாவதில் விழுந்தார். ஆனால் அதில் டைசனுக்கு நீங்கள் நினைக்கும் அளவு லாபமில்லை. ஃபோர்மேன் வெல்வதென்றால் முதல் 12 நிமிடத்துக்குள் வெல்வார், அதற்குள் புழுக்கம் வேலை செய்யாது. அதைத் தாண்டினால் டைசனுக்கும் முதலில் நிற்பது தலையாட்டம்தான், குத்துகளும் ஒன்றொன்றாகக் குறையும்.

கடலூர் முதுநகரிலிருந்து: ரெண்டு பேரும் ஒரே காலத்துல ஆடினாங்களே, ஏன் மோதல?

1990 ஜூன் 16 அன்று லாஸ் வேகாஸில் ஒரே இரவில், ஒரே மேடையில் ஆடினார்கள். டைசன் ஹென்றி டில்மேனை முதல் ரவுண்டிலும், ஃபோர்மேன் அடில்சன் ரோட்ரிகஸை இரண்டாவதிலும் முடித்தார்கள். அதற்குமேல் போகவில்லை, 1992-இல் டைசன் சிறைக்குப் போய்விட்டார். அப்போது மோதியிருந்தால் என் ஓட்டு மாறும்: 41 வயது ஃபோர்மேனின் கால் மெதுவாகிவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டுடன் 12 ரவுண்டும் விழாமல் நின்றவர். ஆகவே டைசன், பாயிண்டில்.

மறுபடி மஞ்சக்குப்பத்திலிருந்து: டைசன் கார்னர்ல நீங்க இருந்தா என்ன சொல்லி அனுப்புவீங்க?

நேராகப் போகாதே. ஃபோர்மேனின் இடது பாதத்துக்கு வெளியே உன் முன்கால் விழட்டும். ஜாப் (இடது கையை நேராக நீட்டும் குத்து) வரும்போது தலையை உன் வலப்பக்கம் எடு, அங்கே அவருடைய வலது அப்பர்கட் எட்டுவது கடினம். அவருடைய இடது ஹூக் மட்டும் மிச்சம், அதற்கு வலது கிளவுஸ் காதோடு ஒட்டியிருக்கட்டும். முதல் குத்து தலைக்கு வேண்டாம், வலது கையால் விலாவுக்கு. அதே கையால் உடனே தாடைக்கு. தோளில் கை வைத்துத் தள்ள வந்தால் பின்வாங்காதே, அந்த முழங்கையைக் கீழிருந்து தட்டிவிட்டு வெளியே சுற்று. நாலாவது ரவுண்டு முடியும்வரை உன் இடப்பக்கம் சாய்ந்து எழாதே.