'கார்' எங்கே தொடங்குகிறது?

வணக்கம் ஐயா,

பெரியவர்கள் சொற்களைக் கேட்டு உணரும் விதம் பற்றி முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன். சின்னக் குழந்தைகள் பேச்சில் சொல்லை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று ஆராயும் போஸ்ட்டாக் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 18 மாதக் குழந்தைகள், ஐ-டிராக்கர் (கண் எங்கே பார்க்கிறது என்று பதிவுசெய்யும் கருவி) என்று அறிவிப்பில் இருக்கிறது. புள்ளியியல் தெரியும். வேறு எதைப் படித்துக்கொள்ள வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

ஒரே ஒரு டிரையலை, அதாவது ஒருமுறை படங்களைக் காட்டிச் சொல்லைச் சொல்லிப் பார்க்கும் சோதனையை, ஆதியோடந்தமாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

திரையில் காரும் ஷூவும். 2 விநாடி சத்தமில்லை. பிறகு "வேர் இஸ் த கார்?" என்று குரல். 'கார்' தொடங்கும் கணத்திலிருந்து குழந்தையின் பார்வையை அளக்கிறோம். கேட்டுக் கண்ணைத் திருப்பவே நேரம் ஆகும் என்பதால் ஸ்விங்லி, ஆஸ்லின் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வந்த ஆய்வில் 367 முதல் 2000 மில்லிவிநாடி வரையே கணக்கில் எடுத்தார்கள். 'பேபி'யை 'வேபி' என்றபோதும் 18–23 மாதக் குழந்தைகள் சரியான படத்தைப் பார்த்தார்கள், ஆனால் சரியாகச் சொன்னபோது பார்த்த அளவுக்கு இல்லை. சொல்லின் ஒலியைக் குழந்தை நுணுக்கமாக அறிந்திருக்கிறது என்று காட்டும் அந்தச் சிறு வித்தியாசம்தான் இந்தத் துறையின் உயிர்.

அது எங்கே கெடும்? முதலில் ஒலிப்பதிவில். 'க'வுக்கு முன் நாக்கு அடைத்து நிற்கும் மௌனம் சொல்லில் சேர்த்தியா? ஒரு சொல்லுக்குச் சேர்த்து இன்னொன்றுக்கு விட்டால் பல மில்லிவிநாடி நழுவும். வீடியோவைக் கையால் கோடிங் செய்தால், அதாவது குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபிரேம் ஃபிரேமாகக் குறித்தால், விநாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிவிநாடி. மூன்று ஃபிரேம் பிசகினால் முடிவே மாறலாம். எல்லாச் சொல்லுக்கும் ஒரே விதி வைத்து, அதை எழுதி வையுங்கள்.

அடுத்தது படங்கள். நாயையும் ஷூவையும் ஜோடி சேர்த்தால் என்ன சொன்னாலும் குழந்தை நாயைத்தான் பார்க்கும். நாய்க்குப் பூனை, காருக்கு ஷூ. ஒவ்வொரு படமும் ஒருமுறை விடையாகவும் ஒருமுறை எதிர்ப்படமாகவும் வரவேண்டும்.

சொல்லைக் கேட்டுச் சரியான படத்துக்குக் கண்ணைத் திருப்பும் வேகத்தை அளக்கச் சொன்னால் கவனம். சொல் தொடங்கும்போது எதிர்ப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிரையல்களே அதற்கு உதவும். 24 டிரையலில் சுமார் 12 மிஞ்சும், சிணுங்கலும் நெளிதலும் போக இன்னும் குறையும். நான்கைந்து டிரையலை வைத்து ஒரு குழந்தையை 'மெதுவானவள்' என்று எழுதுவது அநியாயம்.

கருவியைப் பொறுத்தவரை, ஐலிங்க் என்ற ஐ-டிராக்கர் வகையில், தலை இருக்கும் இடத்தைக் கருவி அறிய நெற்றியில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரைக் குழந்தை பிய்த்துவிடும், கூடுதலாக வைத்திருங்கள். மடியில் வைத்திருக்கும் அம்மா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் தன்னை அறியாமலே குழந்தையின் பார்வையைச் சரியான படத்தின் பக்கம் திருப்பிவிடலாம்.

தமிழில் இதைச் செய்யும் எண்ணம் இருந்தால் வாக்கியத்தை அப்படியே மாற்றாதீர்கள். "பந்து எங்க?" என்றால் சொல் முதலிலேயே வந்துவிடுகிறது, குழந்தை காதைத் தீட்டிக்கொள்ள அவகாசமில்லை. "இங்க பாரு, பந்து!" பரவாயில்லை. பந்து, பந்தை, பந்துல என்று விகுதி மாறுவதையும் கட்டுப்படுத்த வேண்டும். வீட்டில் 'மம்மு' என்று கேட்கும் குழந்தையிடம் 'சோறு' என்றால் தெரியாமல் போகலாம். சொற்பட்டியலைப் பெற்றோரிடம் முன்கூட்டியே காட்டிக் கேளுங்கள்.

பயிற்சிக்கு பீக்பேங்க் என்ற திறந்த தரவுத்தொகுப்பு இருக்கிறது. புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் நிரல்மொழியிலேயே எடுக்கலாம். ஒரு குழந்தையின் தரவை எடுத்து வரைந்து பாருங்கள். நேர்காணலில், குழந்தைகளை அழைத்து வருவது யார், எத்தனை பேர் பாதியில் விலகுகிறார்கள் என்று நீங்களும் கேளுங்கள். தூக்க நேரத்தில் அழைத்தால் எந்தக் கருவியும் உதவாது.