வலி பாதியாகிவிட்டது, நடை மட்டும் ஏன் இறுகிக் கிடக்கிறது?

கேள்வி: எனக்கு 46 வயது. எட்டு மாதமாக இடுப்பு வலி. ஸ்கேனில் நரம்பு அழுத்தம் எதுவும் இல்லை. ஆறு வாரமாக பிசியோதெரபி பயிற்சி செய்கிறேன், வலி பாதி குறைந்துவிட்டது. ஆனால் பத்து நிமிடம் நடந்தாலே முதுகு இறுகிக்கொள்கிறது. ‘முதுகில் பலகை கட்டின மாதிரி நடக்கிறீங்க’ என்கிறார் மனைவி. பயிற்சியை மாற்ற வேண்டுமா? பெல்ட் போட்டுக்கொண்டு நடக்கலாமா?

பதில்: பயிற்சி வேலை செய்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஆனால் வலி குறைந்தாலே நடையும் தானாகத் திருந்திவிடும் என்று சொல்ல முடியாது. நடையைத் தனியாகப் பழக்க வேண்டும்.

வலியில்லாதவர் சற்று வேகமாக நடக்கையில் இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் மார்புக்கூடு எதிர்ப்பக்கம் திரும்பும். கையும் அதோடு சேர்ந்து வீசும். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் பலருக்கு இரண்டும் ஒரே கட்டையாகத் திரும்புகின்றன. நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடந்தபடி, கீழ்முதுகில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். அங்குள்ள தசை அடிக்கு அடி இறுகி, இளக வேண்டும். இளகாமல் கயிறுபோல் விறைத்தே இருந்தால், பத்தாவது நிமிடத்தில் அது களைத்து இறுகுவதில் வியப்பில்லை.

முதலில் அளவு எடுங்கள். 10 மீட்டரை வழக்கமான வேகத்தில் நடந்து நொடியையும் எடுத்துவைத்த காலடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் 7 முதல் 9 நொடி, சுமார் 14 காலடி இருந்தால் நல்லது. 18, 20 காலடி ஆகிறதென்றால் கால் பின்னால் போதுமான அளவு நீளவில்லை. தொடையின் முன்பக்கம் இறுகியிருப்பது இதற்கு ஒரு காரணம். ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலை முன்னால் வைத்து, வாலெலும்பை உள்ளிழுத்தபடி 30 நொடி, பக்கத்துக்கு 3 முறை. இடுப்பை வளைத்து முன்னே சாய்பவர்களே அதிகம். அப்படிச் செய்தால் தொடை நீளாது, முதுகுதான் நோகும்.

அடுத்து, மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்கால்களை வலமும் இடமும் மெல்லச் சாய்க்க 10 முறை. மூச்சைப் பிடிக்காதீர்கள். பிறகு கை, முழங்கால் ஊன்றி எதிரெதிர் கையையும் காலையும் நீட்டி 8 நொடி, பக்கத்துக்கு 6 முறை. காலை இடுப்பு மட்டத்துக்கு மேல் தூக்கினால் முதுகு குழிந்துவிடும். இடுப்பின்மேல் ஒரு துண்டை மடித்து வைத்தால், அது சரியும்போது தப்பு உடனே தெரியும்.

இதை முடித்த கையோடு நடக்கப் போங்கள். 2 நிமிடம் வழக்கமான நடை, 1 நிமிடம் வேகம், இப்படி 5 சுற்று. வேகம் இதில் முக்கியம்: ஊர்ந்து நடக்கையில் அந்த எதிர்த் திருப்பம் சரியாக வராது. கையில் போன் வேண்டாம். பாக்கெட்டில் கை விட வேண்டாம். வாரத்துக்கு 3 நிமிடம் கூட்டி, வாரம் 5 நாள், 30 நிமிடத்துக்கு வாருங்கள். 2024-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரில், வழிகாட்டலோடு இப்படிப் படிப்படியாக நடந்தவர்களுக்கு வலி திரும்ப இடைநிலை அளவில் (அதாவது, பாதிப் பேருக்கு வலி திரும்பும்வரை) 208 நாள் ஆனது; மற்றவர்களுக்கு 112 நாள். நடப்பதே மருந்தாகிறது என்பது எவ்வளவு நல்ல செய்தி!

நடக்கையில் வலி 10-க்கு 3, 4 வரை ஏறி மறுநாள் காலைக்குள் இறங்கினால் பயமில்லை. இறங்காவிட்டால் முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள்.

பெல்ட் வேண்டாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமான சிகிச்சையாக அதைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. உங்களுக்கோ விறைப்புதான் பிரச்சினை. பெல்ட் அதைக் கூட்டவே செய்யும்.

நடந்தால் காலில் வலியோ மரப்போ வந்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ விடுகிறதென்றால் இது வேறு விஷயம். தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். பாதம் தொங்கினாலோ, தொடையிடுக்கில் உணர்வு குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.